எண்பது வயதுக்காரர்கள் வாசிக்கும் ஜாஸை நேரில் போய்க் கேட்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

மெட்டரிவாசி:

நேராகக் கேள்விக்கே வருகிறேன். எழுபது, எண்பது வயதைத் தாண்டிய ஜாஸ் கலைஞர்கள் சின்னச் சின்ன இடங்களில், மேடை என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு மூலையில் உட்கார்ந்து வாசிப்பதைத் தேடிப் போய்க் கேட்கிற பழக்கம் இங்கே யாருக்காவது உண்டா? உண்டென்றால் உங்களை அங்கே இழுப்பது எது? எனக்கு இது ரொம்பவே பிடித்துப்போய்விட்டது, ஆனால் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று வீட்டில் கேட்டால் சரியாக விளக்க வரவில்லை.

வேலை மாற்றலில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வந்து மெட்டரியில் குடியிருக்கிறோம். நான் வளர்ந்தது கர்நாடக சங்கீதமும் இளையராஜாவும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்த வீட்டில், ஜாஸ் பக்கம் அதிகம் போனதில்லை. ஒரு மாலை பிரெஞ்ச்மென் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கடைக்குள்ளிருந்து கிளாரினெட் சத்தம் கேட்டது, உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றேன். வாசித்தவருக்கு எண்பதுக்குக் குறையாது. கோட், டை, துடைத்துப் பளபளவென்றிருந்த ஷூ, கைத்தடியை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ட்ரம்பெட் வாசித்தவருக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். தன் முறை வந்ததும் அவர் மேல்ஸ்தாயியில் போய் நின்று விளாசினார், கூட்டம் கைதட்டியது, தட்டத்தான் வேண்டும், அபாரமான வாசிப்பு. அவர் விட்ட கடைசி சுரத்தைப் பெரியவர் அப்படியே எடுத்துக்கொண்டார். எடுத்தும் உடனே ஓடவில்லை. அந்த ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசித்தார், முதல் தடவை தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால், அடுத்த தடவை இன்னும் பின்னால். பாஸ் வாசித்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். அப்புறம் நாலைந்து சுரத்தில் ஒரு குட்டி வரி, மூச்சு எடுக்க ஓர் இடைவெளி, அந்த இடைவெளியில் டிரம்ஸ்காரர் ஒரே ஒரு தட்டு, அந்தத் தட்டுக்குப் பதிலாக அடுத்த வரி. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் இருந்தாலே அதிகம், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் போகிறேன். பெரிய பெயர்கள் வரும் அரங்கங்களுக்கும் போயிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பத்தடி தூரத்தில் ஒரு பெரியவர் வாசிக்கிறபோது கிடைக்கிற சந்தோஷம் அங்கே கிடைப்பதில்லை. இதைச் சொன்னால் அலுவலகத்தில் ஒருவர், "உனக்கு வயதானவர்களைப் பார்த்தால் மரியாதை, அது நம் ஊர் வளர்ப்பு, அதைத்தான் இசை என்று நினைத்துக்கொள்கிறாய், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இளைஞர்தான் நன்றாக வாசிப்பார்" என்கிறார். இந்தப் பேச்சு மண்டைக்குள்ளேயே நிற்கிறது. அவர் சொல்வது சரியா? இந்த ஊரில் இன்னும் எங்கெல்லாம் போகலாம், போனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பயூஓரம்:

வாங்க வாங்க, சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறீர்கள். நான் இங்கே ரொம்ப வருடமாக இருக்கிறேன், 2005இல் வந்த கத்ரீனா புயலுக்கு முன்பிருந்தே. உங்கள் அலுவலக நண்பர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் இந்த ஊர்க் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

செயின்ட் பீட்டர் தெருவில் ப்ரிசர்வேஷன் ஹால் இருக்கிறதே, அது ஆரம்பித்ததே வயதான கலைஞர்களுக்காகத்தான். 1950களில் அந்தக் கட்டடம் லாரி போரன்ஸ்டைன் என்பவருடைய ஓவியக் கடை. ராத்திரியில் கடையை விட்டுவிட்டுக் கச்சேரி கேட்கப் போக முடியவில்லை என்பதால் அவர் கலைஞர்களையே கடைக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். வந்தவர்களில் பலர் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள், ஜாஸ் உருவாகிக்கொண்டிருந்த தெருக்களிலேயே வளர்ந்தவர்கள். அப்போது ஊரில் ராக் அண்ட் ரோல் வந்துவிட்டது, இவர்களை வாசிக்கக் கூப்பிட ஆள் குறைவு. 1961இல் ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி என்ற இளம் தம்பதி இடத்தைப் பொறுப்பெடுத்து ஹாலாக நடத்த ஆரம்பித்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஓர் அறையில் சேர்ந்து உட்காரவே சட்டம் தடைபோட்டிருந்த லூசியானாவில், கறுப்பினக் கலைஞர்கள் வாசிக்க எல்லோரும் கலந்து உட்கார்ந்து கேட்ட இடம் அது. ஆலன் தானும் டியூபா என்ற பெரிய ஊதுகருவியைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு வாசித்தார். 1987இல் அவர் காலமானார், பின்னாளில் மகன் பென் ஜாஃபி பொறுப்பெடுத்து நடத்திவருகிறார்.

அங்கே வாசித்தவர்களில் ஸ்வீட் எம்மா பாரெட் என்ற அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1897இல் பிறந்த பியானோக்காரர். காலில் சின்ன மணிகளைக் கட்டிக்கொண்டு வாசிப்பார், தாளம் போட்டால் மணியும் சேர்ந்து ஒலிக்கும். 1967இல் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்துவிட்டது. அதோடு நிறுத்தவில்லை, வலது கை ஒன்றையே வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாசித்தார். இடது கை செய்யவேண்டிய வேலையைப் பாஸும் டிரம்ஸும் பார்த்துக்கொள்ளும், வலது கையில் இருக்கும் பாட்டு குறையவே இல்லை. பியானோ தெரிந்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நான் நேரில் கேட்டவர்களில் ஒருவர் லயனல் ஃபெர்போஸ். 1911இல் பிறந்தவர், ட்ரம்பெட். அப்பாவின் தகர வேலைப் பட்டறையைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டார், ராத்திரியில் ட்ரம்பெட். டிக்கேட்டர் தெருவில் பாம் கோர்ட் என்ற உணவகத்தில் நூறு வயதைத் தாண்டிய பிறகும் சனிக்கிழமைகளில் வாசித்தார். 2014இல், 103ஆவது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள் காலமானார். அவர் ஒருபோதும் வாண வேடிக்கை காட்டுகிற ஆள் இல்லை, இளமையிலும் அப்படித்தானாம். மெட்டை அதன் உருவம் கெடாமல், சத்தம் போடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார், நடுவில் ட்ரம்பெட்டை மடியில் வைத்துவிட்டு மெல்லிய குரலில் பாடுவார். மைக்கை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்கள். மற்றவர்கள் தங்கள் சத்தத்தைத் தானாகவே இறக்கிக்கொள்வார்கள், யாரும் சைகை காட்டத் தேவையில்லை. அந்த அறையில் இருந்த எல்லாருமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம்.

சரி, எங்கே போவது. முதல் வேலையாக டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட், 90.7 எஃப்.எம். வானொலியைக் காரில் போட்டுவிடுங்கள். மக்கள் நடத்துகிற நிலையம், ஊரில் இன்று யார் எங்கே வாசிக்கிறார்கள் என்ற பட்டியலை ஒலிபரப்பில் படிப்பார்கள், லைவ்வயர் என்ற பெயரில் இணையத்திலும் போடுவார்கள். ப்ரிசர்வேஷன் ஹாலில் ஒரு கச்சேரி முக்கால் மணி நேரம்தான், குடி கிடையாது, சாப்பாடு கிடையாது, போனை எடுக்கக் கூடாது, குழந்தைகளைக் கூட்டிப்போகலாம். முன்னால் தரையில் மெத்தை போட்டிருப்பார்கள், முடிந்தால் அங்கே உட்காருங்கள், டிராம்போனின் குழாய் உங்கள் தலைக்கு மேலே வந்து போகும். 1932இல் பிறந்த சார்லி கேப்ரியல் அந்த ஹாலின் குழுவில் மூத்தவர், கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசிப்பார். தன் பெயரில் முதல் தனி ஆல்பம் வெளியிட்டபோது அவருக்கு 89 வயது, ஆல்பத்தின் பெயரே அதுதான். அவர் வாசிக்கிற நாள் என்று தெரிந்தால் வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். பிரெஞ்ச்மென் தெருவில் ஸ்பாட்டட் கேட், ஸ்னக் ஹார்பர், போர்பன் தெருவில் ஃப்ரிட்ஸல்ஸ் என்ற இடங்களுக்கும் போகலாம். எஸ்பிளனேடு முனையில் பழைய நாணயச்சாலைக் கட்டடத்தில் ஜாஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே பகலிலேயே கச்சேரி நடக்கும், ராத்திரி வண்டி ஓட்டப் பிடிக்காதவர்களுக்கு வசதி. ஏப்ரலில் வரும் பிரெஞ்ச் குவார்ட்டர் விழாவை விடாதீர்கள், உள்ளூர்க் கலைஞர்களை முன்னால் நிறுத்துகிற விழா அது.

மிருதங்கப்பிரியன்:

நான் நியூ ஜெர்சி. சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டவன் என்பதால் என் காது முதலில் டிரம்ஸ் பக்கம்தான் போகும். மெட்டரிவாசி கேட்ட "எதைக் கவனிப்பது" என்பதற்கு என் பங்குக்குக் கொஞ்சம் எழுதுகிறேன்.

வயதான டிரம்ஸ்காரரைப் பார்க்கப் போனால் அவருடைய வலது மணிக்கட்டு தெரிகிற பக்கமாக உட்காருங்கள். இளைஞர்கள் தோளிலிருந்து அடிப்பார்கள், பெரியவர்களில் பெரும்பாலும் முழங்கையே அசையாது, மணிக்கட்டும் விரலும்தான். குச்சி சிம்பலில் பட்டு எழும்புகிற துள்ளலை அப்படியே அடுத்த அடிக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள். உடம்பில் தெம்பு குறைந்ததால் வந்த சிக்கனம் என்று ஒருவர் சொல்லலாம், ஆனால் அதனால் சத்தத்தில் வருகிற மாற்றம் என்ன தெரியுமா, சிம்பலின் நாதம் அடைபடாமல் முழுசாக விரியும். பலமாக அடித்தால் அது வராது. மிருதங்கத்தில் மீட்டுச் சொல்லை அழுத்தாமல் விடுகிறபோது சுருதி எப்படி நிற்குமோ அதே விஷயம்தான்.

டிரம்ஸ்காரர் ராய் ஹெய்ன்ஸை நியூயார்க்கில் அவருடைய பிறந்தநாள் கச்சேரியில் கேட்டிருக்கிறேன். 1925இல் பிறந்தவர், சார்லி பார்க்கர், கோல்ட்ரேன் என்ற சாக்ஸபோன் மேதைகளோடு வாசித்தவர், 2024 நவம்பரில் 99 வயதில் காலமானார். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தபோதும் அவருடைய குழுவில் இருந்தவர்கள் எல்லாம் பேரன் வயதுக்காரர்கள். நம் ஊரில் தனி ஆவர்த்தனம் என்றால் தாளம் போடுகிறவர்கள் எண்ணிக்கொண்டே இருப்போம் இல்லையா, அவர் தனியாக வாசித்தபோது எண்ணிக்கையை விட்டுவிடுவார்போல் தோன்றும், எங்கேயோ போய்விட்டார், சமம் தவறிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் மற்ற மூவரும் அவரும் ஒரே இடத்தில் வந்து இறங்குவார்கள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஒரு மாத்திரை பிசகவில்லை.

நியூயார்க் வருகிறவர்களுக்கு: வில்லேஜ் வான்கார்ட், 1935இலிருந்து இருக்கிற நிலவறை ஜாஸ் கிளப், படியில் இறங்கிப் போக வேண்டும். திங்கட்கிழமை ராத்திரி அங்கே பெரிய குழு ஒன்று 1966 பிப்ரவரியிலிருந்து வாசித்துவருகிறது, தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் ஆரம்பித்தது. அவர்கள் இருவரும் இன்று இல்லை, ஆள் மாறி மாறிக் குழு மட்டும் தொடர்கிறது. பல வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் நேற்று சேர்ந்தவர் இருப்பார். புதியவர் தாளைப் பார்த்து வாசிப்பார், மூத்தவர் தாளைத் திருப்பக்கூட மாட்டார்.

ஒலிநாடா:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெட்டரிவாசியின் அலுவலக நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நான் மான்ட்ரியலில் இருக்கிறேன், இங்கேயும் மூத்தவர்கள் கச்சேரிக்குப் போயிருக்கிறேன். சில ராத்திரிகளில் வாசிப்பு உண்மையிலேயே சரியில்லை. ட்ரம்பெட்டில் சுருதி இறங்கியது, பியானோவில் விரல் தடுமாறியது, ஆனாலும் ஜனம் எழுந்து நின்று தட்டியது. தட்டியது எதற்கு? அவர் இன்னும் வாசிக்கிறார் என்பதற்கு. அது அன்பு, அதில் தப்பே இல்லை, ஆனால் அதை இசை என்று சொன்னால் கலைஞருக்கு நாம் செய்கிற மரியாதைக் குறைவு என்பது என் எண்ணம். ஒலிப்பதிவில் அவருடைய நாற்பது வயது வாசிப்பு இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு நேரில் போனால் மனசு கஷ்டப்படுகிறது.

சவுத்சைட்_பேருந்து:

ஒலிநாடா, நீங்கள் சொல்கிற ராத்திரிகள் உண்டு, நானும் இருந்திருக்கிறேன். ஆனால் நாற்பது வயதில்தான் ஒரு கலைஞர் உச்சத்தில் இருப்பார் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? சிகாகோவில் இருந்துகொண்டு இதை நான் ஒத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் நான் வான் ஃப்ரீமனைக் கேட்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வான் ஃப்ரீமன், டெனர் சாக்ஸபோன், 1923இல் சிகாகோவில் பிறந்து 2012இல் சிகாகோவிலேயே காலமானவர். தம்பி ஜார்ஜ் கிடார், தொண்ணூறைத் தாண்டியும் வாசித்தார், இன்னொரு சகோதரர் ப்ரஸ் டிரம்ஸ், மகன் சிக்கோவும் சாக்ஸபோன். நியூயார்க் போய்ப் பேர் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்க, இவர் இந்த ஊரிலேயே இருந்துவிட்டார். தன் பெயரில் முதல் ஆல்பம் வந்ததே 1972இல், ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தபோது, அதைத் தயாரித்தது ரஹ்சான் ரோலண்ட் கர்க் என்ற சாக்ஸபோன் கலைஞர். அமெரிக்க அரசின் கலைத்துறை கொடுக்கிற ஜாஸ் மாஸ்டர் விருது வந்தது 2012இல், 88 வயதில். ஆக, அவருடைய நாற்பது வயது வாசிப்பைத் தேடினாலும் அவர் பெயர் போட்ட ஆல்பம் ஒன்றுகூடக் கிடைக்காது. நமக்குக் கிடைத்ததெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

75ஆவது தெருவில் நியூ அபார்ட்மென்ட் லவுஞ்ச் என்ற சின்ன மதுக்கூடம், செவ்வாய்க்கிழமை ராத்திரி அவருடைய இடம். வருடக்கணக்கில் அங்கே வாசித்தார். முதல் பாதி அவரும் குழுவும், அப்புறம் ஊரிலிருக்கிற இளசுகள் வாத்தியத்தோடு வரிசையில் நிற்கும், ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். நான் போனபோது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சாக்ஸபோனோடு வந்தாள், கை நடுங்கியது கண்ணுக்கே தெரிந்தது. வேகமான பாட்டு ஒன்றைச் சொன்னாள். பெரியவர் அவள் காதருகே ஏதோ சொன்னார், பிறகு அதே பாட்டைப் பாதி வேகத்தில் எண்ணிக் கொடுத்தார். அவள் வாசித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவள் விடுகிற இடங்களில் மட்டும் அடியில் ஒரு நீண்ட சுரம் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் சுரம் சுருதியின் விளிம்பில் நிற்கும், சில சமயம் விளிம்பைத் தாண்டியும் நிற்கும், பழகாத காதுக்குப் பிசகு என்று தோன்றும். அவருக்கு வயதாகிவிட்டதால் வந்ததில்லை அது, முதலிலிருந்தே அவருடைய நாதம் அப்படி. கமகம் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் பழக ஒரு பாட்டு போதும்.

அந்த மாதிரி ராத்திரிகளில் கேட்டு வளர்ந்தவர்களில் ஒருவர் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன், இதே சிகாகோவின் தென்பகுதிப் பையன். அவர் பின்னாளில் தன் குழுவில் சேர்த்துக்கொண்ட இளைஞர்களில் ஒருவர் விஜய் ஐயர், தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த பியானோக்காரர். விஜய் அதற்குப் பிறகு தன்னைவிட முப்பது வயது மூத்த ட்ரம்பெட் கலைஞர் வாடாடா லியோ ஸ்மித்தின் குழுவில் பல வருடம் வாசித்தார், இருவர் மட்டுமாகவும் ஆல்பங்கள் போட்டிருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரு பெரியவரின் பக்கத்தில் நின்று வாசிப்பதுதான் குருகுலம், அதை நாம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். பதிவில் இது கிடைக்காது ஒலிநாடா, காதில் சொன்ன வார்த்தையும் பாதி வேகமும் எந்த இசைத்தட்டிலும் இல்லை.

சிகாகோ பக்கம் வருகிறவர்கள் செப்டம்பர் கடைசியில் ஹைட் பார்க் ஜாஸ் விழாவுக்கு வாருங்கள், தேவாலயம், பல்கலைக்கழகக் கூடம் என்று அந்த வட்டாரம் முழுக்க வாசிப்பார்கள், உள்ளூர் மூத்தவர்கள் நிறையப் பேரைக் கேட்கலாம்.

ஒலிநாடா:

வான் ஃப்ரீமன் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், அவரை நான் கேட்டதில்லை, இன்றே தேடிக் கேட்கிறேன். ஆனால் சாக்ஸபோன், பியானோ வேறு. ட்ரம்பெட் விஷயத்தில் என் கேள்வி அப்படியே இருக்கிறது. உதட்டுத் தசை தளர்ந்தால், பல் போனால், என்னதான் ஞானம் இருந்தாலும் சத்தம் வராதே?

பயூஓரம்:

நல்ல கேள்வி ஒலிநாடா. ட்ரம்பெட்டில் உதடுதான் சீவாளி, வேறு ஒன்றும் கிடையாது, கிளாரினெட்டில் நாணல் சீவாளி தளர்ந்தால் வேறு மாற்றிக்கொள்ளலாம், உதட்டை மாற்ற முடியாது. லூயி ஆம்ஸ்ட்ராங்கே கடைசி வருடங்களில் மருத்துவர்கள் தடுத்ததால் ட்ரம்பெட்டைக் குறைத்துப் பாட்டை அதிகமாக்கிக்கொண்டார். இதெல்லாம் உண்மை.

ஆனால் டாக் சீட்டம் என்று ஒருவர் இருந்தார். 1905இல் நாஷ்வில்லில் பிறந்தவர். வாழ்க்கையின் பெரும்பகுதி பெரிய குழுக்களில் முதல் ட்ரம்பெட்டாக எழுதிவைத்ததை வாசித்தவர், தனியாகக் கற்பனை செய்து வாசிக்கிறவர் என்ற பேரே இல்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தான் வாசிப்பதைத் தானே டேப்பில் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டு, பிடிக்காததையெல்லாம் களைந்து, வாசிப்பைப் புதிதாகக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவருடைய நல்ல காலமே. நியூயார்க்கில் ஸ்வீட் பேசில் என்ற இடத்தில் 1980இலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வாசித்தார், கிட்டத்தட்ட சாகும்வரை. முதுகை நிமிர்த்தி, முழங்கை இரண்டையும் விரித்து, ட்ரம்பெட்டின் வாயைக் கூரையைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து வாசிப்பார், படங்களில் பார்த்தாலே அந்த நிலை மனசில் பதிந்துவிடும். பாட ஆரம்பித்ததும் கிழவயதில்தான். எங்கள் ஊர்ப் பையன் நிக்கலஸ் பேட்டனுக்கு 23 வயதும் இவருக்கு 91 வயதுமாக இருந்தபோது இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார்கள், அதிலிருந்த ஒரு வாசிப்புக்கு 1998இல் இருவருக்கும் சேர்த்துக் கிராமி கிடைத்தது. சீட்டம் அதற்கு முன் 1997 ஜூனில், 92 முடிய சில நாட்களே இருக்கும்போது காலமாகிவிட்டார்.

அந்த ஆல்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மெட்டரிவாசியின் நண்பர் வைத்த பரீட்சைதான் அது. இரண்டு ட்ரம்பெட்டும் யார் யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம், ஆனால் எது "வயதானது", அதனால் குறைந்தது என்று சொல்ல முடியாது. பேட்டன் முழுதாக, உருண்டையாக ஊதுகிறார், சீட்டம் மெல்லிசாக, கொஞ்சம் காற்றோடு, சின்னச் சின்ன வரியாக. மூச்சு நீளமில்லாததால் வரி சின்னதாகிறது, சரி. ஆனால் வரி சின்னதானதும் ஒவ்வொரு வரியும் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, அந்தத் தேர்வில்தான் அத்தனை வருட அனுபவமும் வந்து உட்காருகிறது. மெட்டரிவாசி, நீங்கள் முதல் பதிவில் எழுதினீர்களே, ஒரே சுரத்தைத் தாளத்துக்குப் பின்னால் இரண்டு தடவை என்று, அங்கே உங்கள் காது பிடித்தது இதைத்தான். மரியாதையில் கைதட்டுகிறவர் அந்தச் சுரம் எங்கே விழுந்தது என்று கவனித்து எழுதமாட்டார். நம் பக்கத்தில் எண்பதைத் தாண்டிய வயலின் வித்வான் டி.என். கிருஷ்ணன் மார்கழிக் கச்சேரியில் ஒரு கார்வை கொடுத்துவிட்டு வில்லை நிறுத்தி வைத்திருந்ததைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

நியூ ஆர்லியன்ஸ் பாணிக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. இங்கே மெட்டை ட்ரம்பெட் பிடித்துக்கொள்ளும், கிளாரினெட் மேலே சுற்றிச் சுற்றி வரும், டிராம்போன் கீழே இழுத்துக் கொடுக்கும், எல்லாரும் ஒரே நேரத்தில் கற்பனையாக வாசிப்பார்கள். ஒருவருக்கு அன்றைக்கு உதடு ஒத்துழைக்கவில்லையென்றால் மற்ற இருவரும் சத்தமில்லாமல் அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள். இந்த ஊரில் எண்பதிலும் தொண்ணூறிலும் வாசிக்கிறவர்கள் இருப்பதற்கு அது ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

மெட்டரிவாசி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வானொலியைக் காரில் வைத்துவிட்டேன். சின்னதாக ஒரு கேள்வி மட்டும்: டிப்ஸ் எவ்வளவு போடுவது வழக்கம்? முன்னால் ஒரு வாளி வைத்திருக்கிறார்கள், சிலர் சுற்றி வந்து நீட்டுகிறார்கள். அப்புறம் கச்சேரி முடிந்ததும் அவர்களிடம் போய்ப் பேசலாமா, தொந்தரவாக இருக்குமா? அந்தக் கிளாரினெட் பெரியவரிடம் பேச ஆசை.

பயூஓரம்:

தாராளமாகப் பேசலாம். ஆனால் முடித்த உடனே போகாதீர்கள், வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைக்கவிடுங்கள், தண்ணீர் குடிக்கவிடுங்கள். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேளுங்கள், இந்த ஊரில் அந்தக் கேள்வி போதும், தாத்தா, மாமா, தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர் என்று ஒரு வம்சாவளியே வரும். சார், ஐயா என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இங்கே வசதி, இந்த ஊரிலும் பெரியவர்களைப் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

டிப்ஸ் விஷயம் முக்கியம். நுழைவுக் கட்டணம் வாங்காத இடங்களில் வாசிக்கிறவர்களுக்கு வருமானத்தின் பெரும்பகுதி அந்த வாளிதான், அதைக் குழுவில் இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரு முழுக் கச்சேரி உட்கார்ந்து கேட்டால் ஆளுக்குப் பத்து டாலருக்குக் குறையாமல் போடுங்கள், இருபது என்றால் நல்லது. ரொக்கமாகக் கொண்டுபோங்கள். வயதான கலைஞர்களில் பலருக்கு ஓய்வூதியம், காப்பீடு எதுவும் இருக்காது. 1998இலிருந்து கலைஞர்களுக்கென்றே ஒரு கிளினிக் இங்கே நடக்கிறது, கத்ரீனாவுக்குப் பிறகு ஒன்பதாம் வார்டில் கலைஞர்களை மனத்தில் வைத்து 72 வீடுகள் கட்டினார்கள், எல்லாம் நல்ல காரியம்தான், இருந்தாலும் அன்றாடச் செலவுக்கு வாளியை நம்பித்தான் இருக்கிறார்கள்.

மிருதங்கப்பிரியன்:

மார்ச்சில் ஒரு மாநாட்டுக்காக நியூ ஆர்லியன்ஸ் வருகிறேன், வியாழனும் வெள்ளியும் மாலை காலி. மெட்டரிவாசி, அந்தக் கிளாரினெட் பெரியவர் வாசிக்கிற நாள் அதில் விழுந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். டிரம்ஸ்காரருக்கு வலது பக்கம் எனக்கு ஓர் இடம் பிடித்து வையுங்கள்.